கேட்டவள் வீடு

உசுகுமோ மலையின் அடிவாரத்தில் ஒரு சிறிய பௌத்த மடம் இருந்தது. உச்சியில் ஒரு கோட்டை இருந்தது. கோட்டை என்று சொல்வது பழக்கத்தினால்தான். எரிந்தது போக மிஞ்சியவை சில கல் சுவர்களும், ஒரு வறண்ட கிணறும், நிறையப் புல்லும்.

மடத்தின் குரு என்ஷோ என்ற பிட்சுணி. நாற்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். அவருடைய ஒரே சீடர் இவாகிச்சி, குருவைவிட இருபது வயதாவது மூத்தவர். மனைவி இறந்த பிறகு தலையை மழித்துக்கொண்டு மடத்துக்கு வந்தவர். குரு அவரை 'நீங்கள்' என்றுதான் அழைப்பார். இவாகிச்சிக்கு முதலில் அது கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

மலைப்பாதை தொடங்கும் இடத்தைப் பெருக்குவது அவருடைய வேலை. பேருந்து வந்து நிற்கும். கோட்டையைப் பார்க்க வந்தவர்கள் இறங்குவார்கள். நிமிர்ந்து மலையைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு முகம் விழுந்துவிடும்.

"பெரியவரே, மேலே போக எவ்வளவு நேரமாகும்?"

"வெயிலைப் பொறுத்தது."

"அவ்வளவு தூரம் போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?"

"கடல் தெரியும் என்கிறார்கள்."

"என்கிறார்களா? நீங்கள் பார்த்ததில்லையா?"

இவாகிச்சி மறுபடி பெருக்கத் தொடங்குவார்.

அவர் பார்த்ததில்லை. அந்த மலையடியில் பிறந்து, அங்கேயே முதுகு வளைந்தவர். ஒருநாளும் மேலே போனதில்லை. அவர் தகப்பனாரும் போனதில்லை. இறங்கி வருபவர்கள் சொல்வதை வைத்துத் தனக்குள் ஒரு கோட்டையைக் கட்டி வைத்திருந்தார். ஒருவர் கடல் என்பார். ஒருவர் வெறும் புல் என்பார். ஒருமுறை ஒரு பெண் ஒன்றும் சொல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள். அதையும் அவர் தன் கோட்டையில் எங்கேயோ வைத்துக்கொண்டார்.

கோட்டையின் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பல தலைமுறைகளுக்கு முன்பு ஒரு கோடையில் பகைவர்கள் மலையைச் சுற்றி வளைத்தார்கள். மலையின் பின்புறத்து ஊற்றிலிருந்து, மண்ணுக்கடியில் புதைத்த மூங்கில் குழாய் வழியாகக் கோட்டைக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்தக் கோடையில் ஊற்று வற்றியது. பிறகு கிணறும் வற்றியது. கீழே இருந்தவர்களுக்கு அது தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்று கோட்டைத் தலைவர் ஒரு தந்திரம் செய்தார். சுவரோரமாகக் குதிரைகளை நிறுத்தி, அவற்றின் முதுகில் வெள்ளை அரிசியை வாளி வாளியாகக் கொட்டச் சொன்னார். கீழேயிருந்து பார்க்கும்போது குதிரைகளைக் குளிப்பாட்டுவது போலத் தெரிந்தது. குதிரைகளுக்கே இவ்வளவு தண்ணீர் இருந்தால் இவர்கள் எப்போது பணிவது என்று பகைவர்கள் சோர்ந்துபோனார்கள். கூடாரங்களைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.

அன்று மாலை, கோட்டையிலிருந்து ஒரு பெண் கையில் கிண்ணத்தோடு இறங்கி வந்தாள். முதலில் எதிர்ப்பட்ட காவல் வீரனிடம், "தண்ணீர் கொடுங்கள்" என்றாள். அவன் கொடுத்தான். அவள் குடித்தாள். குடித்த விதத்தைப் பார்த்த அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

பிரித்த கூடாரங்களை மறுபடியும் கட்டினார்கள். சில நாட்களில் கோட்டை எரிந்தது.

அவளை யாரும் கொல்லவில்லை. ஊருக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவள் மலையடியில் வாழ்ந்தாள். பிள்ளைகள் பெற்றாள். அந்த வீட்டுக்குக் 'கேட்டவள் வீடு' என்று பெயர் நிலைத்துவிட்டது. இவாகிச்சி அந்த வீட்டில் பிறந்தவர்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் குடிப்பதற்குத் தண்ணீர் கேட்பதில்லை. குளிப்பதற்குத் தண்ணீர் என்று சொல்லலாம். வயலுக்குத் தண்ணீர் என்று சொல்லலாம். தொண்டைக்கு என்றால் மட்டும் அந்தச் சொல் கூடாது. தேநீர் என்று சொல்ல வேண்டும். இலை போடாத வெறும் கிணற்றுத் தண்ணீருக்குப் பெயர் வெள்ளைத் தேநீர். குழந்தை பேசத் தொடங்கும்போதே அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. பாதையோரத்தில் ஒகுமா என்ற பெண் தேநீர்க் கடை வைத்திருந்தாள். மலையிறங்கி வருபவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள்.

"அம்மா, கொஞ்சம் தண்ணீர்."

"தேநீர்தான் இருக்கிறது."

"தண்ணீர் போதும், அம்மா."

"தேநீர்தான் இருக்கிறது."

அவர்கள் குடித்துவிட்டுக் காசு வைத்துவிட்டுப் போன பிறகு, இவாகிச்சியைப் பார்த்துச் சிரிப்பாள். "அண்ணே, உங்கள் வீட்டு மகராசி புண்ணியத்தில்தான் என் கடை ஓடுகிறது."

அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. இவாகிச்சியும் சிரித்துவைப்பார்.

கோட்டை எரிந்த நாள் ஒவ்வோர் ஆண்டும் கடுங்கோடையில் வரும். அன்று வீட்டுக்கு ஒருவராக மூங்கில் குழலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மலையேறி, அந்த வறண்ட கிணற்றில் ஊற்றுவார்கள். தாகத்தோடு செத்தவர்களுக்காக. முதலில் மடத்தின் குழல், பிறகு வீடுகளின் குழல்கள். ஊற்றி முடிக்கும்வரை ஏறுபவர்கள் யாரும் நாக்கை நனைக்கக் கூடாது. கேட்டவள் வீட்டிலிருந்து மட்டும் யாரும் போவதில்லை. அன்று அந்த வீட்டின் கதவு சாத்தியிருக்கும். சிறு வயதில் இவாகிச்சி கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஊர் நடந்து போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த ஆண்டு, ஊர்த் தலைவர் மொஹேய் பாதையின் தொடக்கத்தில் ஒரு பலகையை நட்டார். வருபவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று கோட்டையின் வரலாற்றைத் தன் கையாலேயே எழுதியிருந்தார். கடைசி வரி இப்படி இருந்தது: 'கேட்டவள் வீடு இன்றும் இவ்வூரில் உள்ளது.'

அதன் பிறகு எவ்வளவு நேரமாகும் என்று யாரும் கேட்பதில்லை. பலகையைப் படித்துவிட்டு, பக்கத்தில் துடைப்பத்தோடு நிற்பவரிடம் வருவார்கள்.

"பெரியவரே, அந்த வீடு எங்கே இருக்கிறது?"

இவாகிச்சி துடைப்பத்தை நீட்டிக் காட்டுவார்.

"யாராவது இருக்கிறார்களா?"

"ஒருவர் இருந்தார். இப்போது மடத்தில் இருக்கிறார்."

"எப்படிப்பட்ட ஆள்?"

"சுமாராகப் பெருக்குவார்."

அவர்கள் போய் வீட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

கோட்டை எரிந்த நாளுக்கு முந்தைய தினம், இவாகிச்சி துடைப்பத்தைக் கொண்டுவந்து குருவின் அறை வாசலில் சாய்த்து வைத்தார். தோளில் ஒரு துணி மூட்டை இருந்தது.

குரு செருப்பின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"குருவே, நான் போகிறேன்."

"எங்கே?"

"மகன் துறைமுகப் பட்டணத்தில் இருக்கிறான். அங்கே என்னை யாருக்கும் தெரியாது."

"போகும் முன்னால் ஏதாவது வேண்டுமா?"

"ஒரு பதில் வேண்டும்."

குரு ஊசியை நிறுத்தினார்.

"அவள் செய்தது குற்றமா, இல்லையா? குற்றம் என்று நீங்கள் சொன்னால், அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்று சாகும்வரை பெருக்குகிறேன். குற்றமில்லை என்றால், அந்த வரியை அழிக்கும்படி மொஹேயிடம் சொல்லுங்கள். உங்கள் பேச்சை அவர் தட்ட மாட்டார். இரண்டும் இல்லாமல் இனி என்னால் முடியாது. களைத்துவிட்டேன்."

"நாளைக்கு என் குழலைத் தூக்கிக்கொண்டு மேலே வாருங்கள். அங்கே வைத்துக் கேளுங்கள்."

"நான் மேலே வரக் கூடாது."

"யார் சொன்னது?"

இவாகிச்சி யோசித்தார். அப்படி யாரும் சொன்னதாக நினைவில்லை.

"யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை" என்றார்.

"எனக்கு முழங்கால் வலி. குழல் கனம்" என்று சொல்லிவிட்டுக் குரு மறுபடி தைக்கத் தொடங்கினார்.

மறுநாள் ஊரெல்லாம் ஏறிப் போன பிறகு அவர்கள் புறப்பட்டார்கள். ஒகுமா கடையைச் சாத்திவிட்டுத் தன் குழலோடு அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே! நீங்களா? போச்சு. இன்றைக்கு ஊற்று திரும்பி வந்துவிடும்."

"குருவின் குழலைத் தூக்கி வருகிறேன்."

"நல்லது, நல்லது. என்னுடையதையும் சேர்த்துத் தூக்கினால் இன்னும் நல்லது" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் முன்னால் நடந்தாள்.

பாதை செங்குத்தாக இருந்தது. கல் படிகளில் பாதி பெயர்ந்து கிடந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வாசல் இருந்ததற்கான அடையாளம் இருந்தது. மரத்தை எரித்த தீ கல்லை மட்டும் விட்டிருந்தது. சிள்வண்டுகள் காதை அடைத்தன. பாதி வழியில் குரு ஒரு பாறையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தார். இவாகிச்சி குழலை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்டது.

"என் மனைவி வெளியூர்க்காரி" என்றார்.

குரு முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"கலியாணமாகி வந்த புதிதில் ஒருநாள் கிணற்றடியில், 'தாகமாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்' என்று கேட்டுவிட்டாள். அத்தனை பெண்களும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்கள். வேறு வீட்டு மருமகள் என்றால் சிரித்திருப்பார்கள். எங்கள் வீட்டு மருமகள் அல்லவா? அதன் பிறகு அந்தச் சொல்லை அவள் சொல்லவே இல்லை. இந்த ஊரில் பிறந்தவர்களைவிட நன்றாகப் பழகிக்கொண்டாள்."

"ம்."

"கடைசியில் பட்டணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மாற்றுத் துணி எடுத்துப் போக நான் ஊருக்கு வந்திருந்தேன். திரும்பிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அழுதாள். நல்ல பெண். 'ஐயா, வெள்ளைத் தேநீர் வேண்டும், வெள்ளைத் தேநீர் வேண்டும் என்றார். அப்படி ஒரு தேநீரை நான் கேள்விப்பட்டதே இல்லை. யாரிடமாவது இருக்குமா என்று விசாரித்துக்கொண்டு வருவதற்குள்...' என்றாள்."

இவாகிச்சி குழலின் வாயை அடைத்திருந்த இலையைச் சரிசெய்தார்.

"தலைமாட்டில் ஒரு ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தது, குருவே."

சிள்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன.

"கேட்டவள் வீட்டு மருமகள், கேட்காமல் போனாள்."

குரு எழுந்தார். "போகலாம்" என்றார்.

இவாகிச்சி வேறு ஏதோ எதிர்பார்த்தார். ஆனால் குரு அதற்குள் நாலைந்து படிகள் ஏறியிருந்தார்.

உச்சியில் வெயில் நேராக இறங்கியது. நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. இவாகிச்சி வாழ்நாளில் முதன்முறையாகக் கோட்டையைப் பார்த்தார். மனதில் கட்டி வைத்திருந்ததைவிட இது மிகவும் சிறியதாக இருந்தது. இவ்வளவு சின்ன இடத்திலா அத்தனை பேர் இருந்தார்கள் என்று தோன்றியது. கடல் தெரிந்தது. எல்லோரும் சொன்ன அளவுக்கு இல்லை. தூரத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இருவர் குடை நுனியால் மண்ணைக் கிளறிக் கருகிய அரிசி கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் கிணற்றைச் சுற்றி நின்றது. மொஹேய் அவரைப் பார்த்துவிட்டார்.

"இவாகிச்சி! நீ எங்கே இங்கே?"

"குருவின் குழலைத் தூக்கி வந்தேன்."

"தூக்கி வந்தாயிற்று அல்லவா? கொடுத்துவிட்டு அப்படி ஓரமாக நில்."

குழல் குருவின் கைக்குப் போயிற்று. இவாகிச்சி ஓரமாக நின்றார்.

"மொஹேய், கீழே இருக்கும் பலகை உங்கள் கையெழுத்தா?" என்று குரு கேட்டார்.

"ஆமாம், அம்மா."

"எழுத்து அழகாக இருக்கிறது."

மொஹேய் மகிழ்ச்சியோடு தலை வணங்கினார்.

குரு இறந்தவர்களுக்கான மந்திரத்தைச் சொன்னார். அது நீளமானது. முடிவதற்குள் எல்லோருடைய உதடும் வெளுத்துவிட்டது. கால் மாற்றி நின்றார்கள். ஒருவர் எச்சிலை விழுங்க முயன்று இருமினார். குரு குழலைக் கிணற்றின் மேல் நீட்டினார். சாய்க்கவில்லை. அப்படியே திரும்பினார்.

"இவாகிச்சி, நேற்று ஒன்று கேட்டீர்கள். இப்போது கேளுங்கள்."

ஊர் அவருக்கு வழி விட்டது. அவர் கிணற்றருகே வந்தார். இரவெல்லாம் படுத்துக்கொண்டு அடுக்கி வைத்த வார்த்தைகள் இருந்தன. 'அவள்' என்று தொடங்க வேண்டும். வாயைத் திறந்தார். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. வறட்டு மூச்சுத்தான் வந்தது. எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறை திறந்தார்.

"தண்ணீர்" என்றார்.

கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். இவாகிச்சியே பயந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

குரு குழலை அவரிடம் நீட்டினார்.

"குருவே, இது..."

"குடியுங்கள்."

அவர் குடித்தார். முதலில் ஒரு வாய். பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. தண்ணீர் தாடையில் வழிந்து கழுத்தில் இறங்கியது. குடிக்கும் சத்தம் அந்த உச்சி முழுவதும் கேட்டது. அவருடைய தொண்டை ஏறி இறங்குவதை ஊர் பார்த்தது. யாராலும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒகுமாவின் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.

மொஹேய் பதறிப்போனார்.

"அம்மா! அது இறந்தவர்களுக்கான தண்ணீர்!"

"அவர்கள் கேட்கவில்லை. இவர் கேட்டார்."

"மடத்துக் குழல்தான் முதலில் ஊற்ற வேண்டும். அதைக் காலி செய்துவிட்டால் நாங்கள் எப்படி ஊற்றுவது? இந்த வெயிலில் எவ்வளவு நேரம் நிற்பது? எல்லோருக்கும் தொண்டை காய்ந்து கிடக்கிறது."

"உங்களுக்குமா?"

"எனக்கு மட்டும் என்ன? காலையிலிருந்து ஒரு வாய்..." மொஹேய் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

குரு காலிக் குழலை வாங்கிக் கிணற்றின் மேல் கவிழ்த்துப் பிடித்தார். விளிம்பில் ஒரு துளி சேர்ந்தது. நேரம் எடுத்துக்கொண்டு விழுந்தது. கிணற்றிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.

"மடம் ஊற்றியாயிற்று" என்றார்.

யாரும் அசையவில்லை. பிறகு ஒகுமா முன்னால் வந்தாள். தன் குழலைச் சாய்த்தாள். பாதி விழுந்ததும் நிமிர்த்தினாள். மீதியை மடமடவென்று குடித்தாள்.

"என்ன எல்லோரும் அப்படிப் பார்க்கிறீர்கள்?" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு. "இதையே கீழே கடையில் குடித்தால் காசு வாங்கியிருப்பேன்."

ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து ஊற்றினார்கள். சிலர் முழுவதையும் ஊற்றினார்கள். சிலர் ஊற்றவில்லை. யார் எவ்வளவு ஊற்றினார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. வந்தவர்கள் இறங்கத் தொடங்கினார்கள்.

மொஹேய் மட்டும் நிறைந்த குழலோடு கிணற்றின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்ததும் அவருக்கும் வயதாகிவிட்டது தெரிந்தது.

"அம்மா, என் அப்பா சொன்னதைத்தான் நான் எழுதினேன். அவருக்கு அவர் அப்பா சொன்னது."

"தெரியும்" என்று சொல்லிக் குரு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் கடைசி வரியை அழித்துவிடட்டுமா?"

குரு இவாகிச்சியைப் பார்த்தார். இவாகிச்சியின் தாடை இன்னும் ஈரமாக இருந்தது. அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவருடைய வீடு தெரிந்தது. சாத்திய கதவு தெரிந்தது. மேலிருந்து பார்க்கும்போது அது மற்ற வீடுகளுக்கு நடுவில் இன்னொரு வீடாக இருந்தது.

"வேண்டாம்" என்றார் இவாகிச்சி. "வீடு இருக்கிறது. இருப்பதை எதற்கு அழிக்க வேண்டும்?"

மொஹேய் குழலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் நான் என்னதான் செய்வது, அம்மா?"

"இன்னொரு வரி சேருங்கள்."

"என்னவென்று?"

குரு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அவளுக்குத் தாகமாக இருந்தது என்று."